தலைக்கவசத் தேர்வு: காப்பும் வசதியும்

நம் நாட்டில் நடுத்தர மக்களின் போக்குவரத்துத் தேவையைப் பெரும்பாலும் நிறைவேற்றுவது இருசக்கர வண்டியே. உழவர் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்வதற்கும், பால் விற்பவர் கேன்களைச் சுமந்து செல்வதற்கும், மாணவர் கல்லூரிக்கும் ஊழியர் அலுவலகத்துக்கும் சென்று வருவதற்கும் அது பயன்படுகிறது. ஆயின் இந்த வண்டிக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. விபத்து நேரும்போது ஓட்டுபவரின் உடலே முதலில் தரையில் மோதுகிறது. 2022ஆம் ஆண்டில் நாட்டின் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்றும், அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேற்பட்டோர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள் என்றும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை தெரிவிக்கிறது. அவ்வாண்டில் தலைக்கவசம் அணியாத நிலையில் உயிரிழந்தோர் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின் இருக்கையில் அமர்ந்து சென்றவர்கள்.

தலைக்கவசம் உயிரைக் காக்கும் என்பதை அறியாதவர் இன்று அரிதாகவே இருப்பர். எனினும் சித்தூரிலிருந்து பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாகத் திருப்பதி செல்லும் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளமுள்ள சாலையில் கோடைக்காலத்தில் பயணம் செய்வோர் ஓர் உண்மையைக் காணலாம். கவசம் பலரிடம் இருக்கிறது; ஆனால் அது தலையில் இல்லை. சிலருக்கு முழங்கையிலும், சிலருக்குப் பெட்ரோல் தொட்டியின் மீதும் இருக்கிறது. வெப்பம், எடை, வியர்வை, காது அடைத்தாற்போன்ற உணர்வு ஆகியவை அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இக்காரணங்களைச் சாக்குப்போக்கு எனத் தள்ளிவிடுவது எளிது. ஆயின் அது பயன் தராது. எந்த வசதியை நாடுவது காப்பை வளர்க்கும், எந்த வசதியை நாடுவது காப்பைக் கெடுக்கும் எனப் பிரித்தறிவதே தலைக்கவசத் தேர்வின் அடிப்படை.

சட்டம் வந்த வழி

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பிரிட்டனின் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்பார் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, கவசத்தின் பயனை 1941ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டார். 1935ஆம் ஆண்டில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்த டி. இ. லாரன்ஸுக்குச் சிகிச்சையளித்த மருத்துவர்களுள் அவரும் ஒருவர். ஆராய்ச்சி இவ்வாறு விரைவில் தொடங்கியபோதிலும், பிரிட்டனில் தலைக்கவசம் கட்டாயமானது 1973ஆம் ஆண்டில்தான்.

ஆந்திரப் பிரதேசத்துக்கு இவ்வரலாற்றில் தனியிடம் உண்டு. 1986ஆம் ஆண்டில் அம்மாநில மோட்டார் வாகன விதிகளின்கீழ் ஐதராபாத் நகரில் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. நாடெங்கும் தடையின்றிச் சென்றுவரும் உரிமையை இவ்விதி பறிக்கிறது என அஜய் கானு என்பவர் தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. விதி மக்களின் நலனுக்காகவும் பாதுகாப்பான பயணத்துக்காகவும் ஏற்பட்டது என்றும், அது நடமாடும் உரிமைக்குத் தடையாகாது என்றும் 1988ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் நிறைவேறிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, இந்தியத் தர அமைப்பின் நிர்ணயத்துக்கு ஏற்ற கவசத்தை அணிய வேண்டும் என விதிக்கிறது. தலைப்பாகை அணியும் சீக்கியருக்கு இதில் விலக்கு உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் இக்கடமைக்கு உட்படுத்தியது. மீறுவோருக்கு 1,000 ரூபாய் அபராதமும், மூன்று மாதம் ஓட்டுநர் உரிமம் பெறும் தகுதியிழப்பும் அத்திருத்தத்தில் இடம்பெற்றன.

சட்டம் இருந்தும் பழக்கம் நிலைபெறவில்லை என்பதற்கு அண்டை மாநிலமான தமிழ்நாடே சான்று. அங்கு 2007 ஜூன் முதல் நாளில் கவசம் கட்டாயமாயிற்று. நாளடைவில் கண்டிப்புத் தளர்ந்தது. 2015 ஜூலை முதல் நாளிலிருந்து சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையால் மீண்டும் கட்டாயமாயிற்று. ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றமும் 2024ஆம் ஆண்டில் இவ்விதியைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்துமாறு அறிவுறுத்தியது. அபராதத்தின் அச்சம் கவசத்தை வாங்கச் செய்யும்; அதை நாள்தோறும் அணியச் செய்வது கவசத்தின் தன்மையே ஆகும்.

கவசம் செய்யும் வேலை

கடினமான வெளிஓடே தலையைக் காக்கிறது என்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மையே. வெளிஓடு மோதலின் விசையைப் பரந்த இடத்தில் பரவச் செய்கிறது. கூர்மையான பொருள் உட்புகாமல் தடுக்கிறது. மூளையைக் காப்பது பெரும்பாலும் அதன் உள்ளே அமைந்த தெர்மோகோல் அடுக்காகும். அமெரிக்காவின் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லொம்பார்டு இத்தகைய உள்ளடுக்குக்கு 1953ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்.

இதன் செயலை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். வண்டியில் அமர்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ளது. நின்றுகொண்டிருக்கும் வண்டியே சாய்ந்து, தலை நேராகத் தரையில் விழுந்தாலும், அது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் மோதும். வெறுந்தலை மூன்று மில்லிமீட்டர் தொலைவுக்குள் நின்றுவிடுவதாகக் கொள்வோம். அப்போது அத்தலை தாங்கும் சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 500 மடங்கு. தெர்மோகோல் அடுக்கு இரண்டு சென்டிமீட்டர் நசுங்கி இடங்கொடுக்குமாயின் அதே மோதல் 75 மடங்காகக் குறைந்துவிடும். எனவே கவசம் என்பது தலைக்கு நிற்பதற்கு இடம் கொடுக்கும் ஒரு சாதனம்.

இக்கணக்கிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, பக்கத்துத் தெருவுக்கு மெதுவாகச் செல்வதால் கவசம் வேண்டியதில்லை என்னும் வாதம் தவறு. விழும் உயரம் எந்தத் தெருவிலும் ஒன்றே. இரண்டாவது, உள்ளடுக்கு இல்லாத அல்லது மெல்லிய பஞ்சு மட்டும் ஒட்டப்பட்ட தொப்பி எவ்வளவு உறுதியாகத் தோன்றினும் பயனற்றது. மூன்றாவது, ஒருமுறை நசுங்கிய தெர்மோகோல் பழைய நிலைக்கு மீள்வதில்லை. ஆதலால் பலத்த மோதலுக்கு ஆளான கவசம் வெளியே பழுதின்றித் தோன்றினும் மாற்றப்பட வேண்டியதே.

கவசத்துக்கும் எல்லை உண்டு. மிகு வேகத்தில் லாரியின் மீதோ பாலச் சுவரின் மீதோ மோதினால் எந்தக் கவசமும் உறுதி கூற இயலாது. எனினும் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2008ஆம் ஆண்டில் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, கவசம் இறப்பின் அபாயத்தை 42 விழுக்காடும், தலைக்காயத்தின் அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது எனக் கணித்தது.

வெப்பமும் எடையும் செவிப்புலனும்

அமெரிக்கப் பேராசிரியர் ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகள் நிகழ்ந்த இடத்திலேயே ஆராயப்பட்டன. அதன் அறிக்கை 1981ஆம் ஆண்டில் வெளிவந்தது. கவசத்தால் போக்குவரத்து ஒலிகள் கேளாமற்போனதாகவோ, பார்வை மறைக்கப்பட்டு விபத்து நேர்ந்ததாகவோ அவ்வாய்வில் தெரியவரவில்லை. கவசம் கழுத்தெலும்பை முறிக்கும் என்னும் அச்சத்துக்கும் ஆதாரம் கிட்டவில்லை. விபத்துக்குள்ளானோரிடையே கவசம் மிகக் குறைவாக அணியப்பட்ட நேரங்கள் எவை என்பதையும் அது குறித்தது: வெப்பம் மிகுந்த நாட்களும், குறுகிய தொலைவுப் பயணங்களும். கோடையில் 40 பாகை செல்சியசைக் கடக்கும் திருப்பதிக்கும் சித்தூருக்கும் இக்கண்டுபிடிப்பு பெரிதும் பொருந்தும்.

வெப்பத்தைப் பற்றிய சில எண்ணங்களைத் திருத்திக்கொள்ள வேண்டும். பனிக்கட்டிப் பெட்டி செய்யப் பயன்படும் தெர்மோகோலே கவசத்திலும் உள்ளது. ஆகவே வெயிலின் வெப்பம் ஓட்டைக் கடந்து உள்ளே வருவது குறைவு. தலையை வாட்டுவது பெரும்பாலும் வெளியேற வழியில்லாத உடற்சூடும் வியர்வையுமே ஆகும். எனவே வெளிஓட்டின் நிறத்தைவிட, முன்புறம் காற்று புகும் துளைகளும் பின்புறம் காற்று வெளியேறும் துளைகளும், அவற்றை இணைக்கும் கால்வாய்கள் உள்ளடுக்கில் வெட்டப்பட்டிருப்பதும் முக்கியம். சில மலிவுக் கவசங்களில் துளைகள் வெளித்தோற்றத்துக்கு மட்டுமே இருக்கும். உள்ளே விரலால் தடவிப் பார்த்தால் உண்மை தெரியும். வண்டி நிற்கும்போது எந்தத் துளையும் பயன்படாது. சிக்னலில் முகக்கண்ணாடியை உயர்த்திக்கொள்வதே அப்போது தக்க வழி. கழற்றித் துவைக்கக்கூடிய உள்துணி, வியர்வை நாற்றத்தையும் தலை அரிப்பையும் பெரிதும் தவிர்க்கும்.

எடையைப் பொறுத்தவரை அரசே மக்களின் குறையைச் செவிமடுத்துள்ளது. உச்சநீதிமன்றத்தின் ஆணையையொட்டி அமைக்கப்பட்ட குழுவில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் மருத்துவர்களும் இந்தியத் தர அமைப்பின் வல்லுநர்களும் இடம்பெற்றனர். நம் நாட்டுத் தட்பவெப்பத்துக்கு ஏற்ற எடை குறைந்த கவசங்கள் தேவை என 2018 மார்ச்சில் அக்குழு பரிந்துரைத்தது. தர நிர்ணயமும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. வசதி கூடினால் அணிவோர் தொகை கூடும் என்பதை நாட்டின் கொள்கையே ஏற்றுக்கொண்டதற்கு இது சான்றாகும்.

எந்த வசதியை நாடலாம், எதை விலக்கலாம்?

காற்றோட்டம், குறைந்த எடை, சரியான பொருத்தம், துவைக்கத்தக்க உள்துணி, தெளிவான முகக்கண்ணாடி ஆகியவை காப்பைக் குறைக்காத வசதிகள். இவற்றுக்காகச் சிறிது கூடுதல் விலை கொடுப்பது வீண் செலவன்று. மாறாக, காதுக்கு மேலேயே முடிந்துவிடும் அரைக்கவசம், எளிதில் கழற்றலாம் என்பதற்காக வாங்கும் பெரிய அளவு, இறுகுகிறது என்பதற்காக மாட்டாமல் விடும் தாடைப்பட்டி ஆகியவை காப்பை விற்று வாங்கும் வசதிகள். பட்டி மாட்டாத கவசம் முதல் மோதலிலேயே கழன்று ஓடிவிடும். தலை அதன்பின் தனியே தரையைச் சந்திக்க நேரும்.

முகம் முழுவதையும் மூடும் கவசமா, முகம் திறந்த கவசமா என்பது நேர்மையாக எடைபோடத் தக்க கேள்வி. ஜெர்மனியில் டீட்மார் ஓட்டே என்னும் ஆய்வாளர், கவசங்களில் மோதல் பட்ட இடங்களைக் குறித்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாடைப் பகுதியில் அமைந்திருந்தது. ஆதலால் நெடுஞ்சாலையில் செல்வோருக்கு முழுக்கவசமே ஏற்றது. நகருக்குள் பலமுறை நின்று நின்று செல்பவர், முழுக்கவசத்தை வாங்கிக் கையில் மாட்டிக்கொண்டு திரிவதைவிட, முத்திரை பெற்ற, காதையும் பிடரியையும் மூடும் முகம் திறந்த கவசத்தை எப்போதும் அணிவது மேல். தாடைப் பகுதியை மேலே தூக்கத்தக்க வகை மூக்குக்கண்ணாடி அணிவோருக்கு வசதியானது. ஆயின் அது சற்றுக் கனமானது. ஓடும்போது அதை மூடியே வைத்திருக்க வேண்டும்.

அளவும் பொருத்தமும்

புருவத்துக்கு ஓரங்குலம் மேலே, பின்தலையின் புடைப்பைச் சுற்றி அளவுநாடாவால் அளந்து, சென்டிமீட்டரில் வரும் எண்ணை உற்பத்தியாளரின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். அணிந்தபின் கன்னத்து மெத்தைகள் கன்னத்தை மெல்ல அழுத்த வேண்டும். கவசத்தைக் கையால் பிடித்து இடவலமாகத் திருப்பினால் நெற்றித் தோலும் உடன் நகர வேண்டும். பட்டியை மாட்டிக்கொண்டு, பின்புற விளிம்பைப் பிடித்து மேல்நோக்கித் தள்ளிப் பார்க்க வேண்டும். கவசம் முன்னே புரண்டு கழன்றுவிடுமாயின் அது தகுதியற்றது. கடையிலேயே பத்து நிமிடம் அணிந்திருப்பது நல்லது. நெற்றியில் ஒரே இடத்தில் வலி தோன்றினால் அளவு சரியாயினும் அக்கவசத்தின் வடிவம் அத்தலைக்கு ஒத்ததன்று. வேறு நிறுவனத்தின் கவசத்தை முயல வேண்டும். புதுக்கவசத்தின் மெத்தை சில வாரங்களில் சற்றுத் தளரும் என்பதால் தொடக்கத்தில் சிறிது இறுக்கமாயிருப்பதே முறை.

பெண்கள் உயரக் கொண்டையிட்டு அதன்மேல் கவசம் அணிந்தால் அது முன்னோ பின்னோ சாய்ந்துவிடும். தாழப் பின்னி விடுவதே பொருத்தமானது. வீட்டுக்கு ஒரு கவசம் வாங்கி அதை ஆளுக்கொரு நாள் அணிவதும் நம்மிடையே உள்ள பழக்கம். தலைகள் ஒரே அளவாக இருப்பதில்லையாதலால் அது முறையாகாது. பின் இருக்கையில் அமரும் மனைவிக்கும் பிள்ளைக்கும் அவரவர் அளவில் கவசம் தேவை.

திருமலைப் பாதையில்

திருப்பதிப் பகுதிக்கே உரிய ஒரு நிலைமையும் இங்குக் கருதத்தக்கது. திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944ஆம் ஆண்டிலும் இரண்டாவது பாதை 1974ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. பழைய பாதை இன்று இறங்குவதற்குப் பயன்படுகிறது. கொண்டையூசி வளைவுகள் அதில் மிகுதி. வளைவுதோறும் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருப்பதால், தளர்ந்த கவசம் கண்ணை மறைத்துத் தானே ஆபத்தாகிவிடும்.

நேர்த்திக்கடன் செலுத்தும் அன்பர்கள் மேலே கல்யாணகட்டாவில் முடி காணிக்கை அளிக்கின்றனர். சித்தூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் வண்டியில் வந்தவர், ஏறும்போது அடர்ந்த முடியின்மேல் பொருந்திய கவசத்தையே இறங்கும்போது மழித்த தலையில் அணிய வேண்டியவராகிறார். முடியின் பருமன் நீங்கியதால் கவசம் தளர்கிறது. மழித்த தோலில் மெத்தை உராய்கிறது. பூசிய சந்தனம் வியர்வையோடு கலந்து எரிச்சல் தருகிறது. இதனால் கவசத்தை வண்டியில் மாட்டிவிட்டுத் துண்டையோ துணித்தொப்பியையோ தலையில் போட்டுக்கொண்டு இறங்குவோர் உண்டு. பாதை மிகவும் எச்சரிக்கை வேண்டும் இடத்திலேயே காப்பு குறைந்துவிடுகிறது.

இதற்குத் தீர்வு எளிது. தலையோடு ஒட்டிய மெல்லிய பருத்திக் குல்லாய் ஒன்றை முன்னரே எடுத்துச் செல்லலாம். அது தோலைக் காப்பதோடு தளர்வையும் ஓரளவு நிரப்பும். துண்டை மடித்து வைப்பது ஆகாது. அது வழுக்கிக் கவசத்தைச் சுழலச் செய்யும். புறப்படுமுன் தாடைப்பட்டியை மீண்டும் இறுக்கி, மேற்கூறிய புரட்டுச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். இவ்வளவுக்குப் பின்னும் கவசம் ஆடுமானால், ஓட்டும் பொறுப்பை முடி காணிக்கை அளிக்காத ஒருவரிடம் விடுவதும், தாம் பேருந்தில் இறங்குவதும் அறிவுடைமை.

முத்திரையும் பராமரிப்பும்

கவசத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்னும் தர எண்ணும் உற்பத்தியாளரின் உரிம எண்ணும் இருத்தல் வேண்டும். 2020 நவம்பரில் வெளியான தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜூன் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அது முதல் முத்திரையற்ற இருசக்கர வண்டிக் கவசத்தைச் செய்வதும் விற்பதும் சட்டப்படி தடுக்கப்பட்டுள்ளன. போலி முத்திரைகளும் உலவுவதால், உரிம எண்ணை இந்தியத் தர அமைப்பின் கைப்பேசிச் செயலியில் சரிபார்க்கும் வசதியைப் பயன்படுத்திக்கொள்வது நன்று. புதிய வண்டி வாங்கும்போது தரமான கவசம் ஒன்றையும் உற்பத்தியாளர் வழங்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138ஆம் விதி. அதைக் கேட்டுப் பெறுவது வாங்குபவரின் உரிமை.

கவசத்தைப் பெட்ரோலாலோ தின்னராலோ துடைக்கலாகாது. பெட்ரோல் தெர்மோகோலைக் கரைத்துவிடும். மிதமான சோப்பு நீரே போதும். வண்டியின் கண்ணாடித் தண்டில் மாட்டி வைத்தால் உள்ளடுக்கில் குழி விழும். கீறல் விழுந்த முகக்கண்ணாடியையும், கறுப்புக் கண்ணாடியையும் இரவில் பயன்படுத்தலாகாது. விபத்துக்கு ஆளாகாத கவசத்தையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான பரிந்துரை.

அலுவலகங்கள் செய்யத் தக்கவை

கவசத்தைக் கழற்றியபின் எங்கே வைப்பது என்பதும் பலர் அதை வீட்டிலேயே விட்டுவருவதற்கு ஒரு காரணம். சந்தையிலும் மருத்துவமனையிலும் அதைக் கையில் சுமந்து திரிய வேண்டியுள்ளது. வண்டியில் விட்டால் களவு போகிறது. அரசு அலுவலகங்களும் கல்லூரிகளும் கோயில் நிர்வாகங்களும் வண்டி நிறுத்துமிடத்தில் பூட்டத்தக்க சிறு அடுக்குகளை அமைத்தால் இக்குறை நீங்கும். ஊழியருக்கு மொத்தமாகக் கவசம் வாங்கும் துறைகள் ஒரே அளவில் நூறு வாங்காமல், தலையளவு எடுத்தபின் வாங்குவது செலவைப் பயனுள்ளதாக்கும். சோதனையில் ஈடுபடும் காவலர் தலையில் ஏதேனும் ஒன்று இருக்கிறதா என்பதோடு நில்லாமல், பட்டி மாட்டப்பட்டுள்ளதா, முத்திரை உள்ளதா என்பனவற்றையும் பார்த்தல் வேண்டும். எண்ணிக்கையை மட்டும் நோக்கும் சோதனை, அபராதத்துக்கு மட்டும் உதவும் தொப்பிகளுக்குச் சந்தையை உண்டாக்கிவிடும்.

ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே முத்திரை பெற்ற கவசம் கிடைக்கிறது. ஒருமுறை செலுத்தும் அபராதமும் அத்தொகையே. வாங்குவோர் விலையையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன், சித்திரை மாதத்து நண்பகலில், பக்கத்துக் கடைக்குச் செல்லும்போதும் இதை அணிந்துகொள்வோமா எனத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு ஆம் என்னும் விடையைத் தரும் கவசம், முத்திரையும் பெற்று, பட்டியும் மாட்டப்பட்டு, தலையில் அசையாமல் பொருந்துமாயின் அதுவே தக்க தேர்வாகும்.